பழஞ்செய்க்கடனும் ஒரு பக்க மனுவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உறையின் ஓரம் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த தாளில் மட்டும் முதல் மடிப்பைத் தவிர மற்ற மடிப்புகள் கலையாமல் இருந்தன. முதல் சில வரிகளைப் படித்தவுடன் திரும்ப உள்ளே வைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்தொன்பது நாள் வைத்திருந்ததாகச் சொன்னார். கணவர் இறந்தபின் அவருக்கு வந்துகொண்டிருந்த குடும்ப ஓய்வூதியம், குறிப்பிட்ட காலம் கடந்ததும் குறைந்த விகிதத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாற்ற வேண்டியவர்கள் மாற்றவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்துத் தணிக்கையில் அது தெரியவந்து, கூடுதலாகப் பெற்ற தொகை முழுவதையும் வட்டியுடன் முப்பது நாளுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று கேட்பு அறிவிப்பு அனுப்பியிருந்தார்கள்.

“நான் கேட்டு வாங்கலையே தம்பி. அவங்களாத்தானே போட்டாங்க” என்றார். பிறகு, தான் எழுதி வைத்திருந்த மனுவைக் கொடுத்தார்.

அழகான கையெழுத்தில் நான்கு பக்கங்கள். கணவரின் நோய், மருத்துவமனையில் கழிந்த மாதங்கள், பிள்ளைகளின் நிலை, தம் முப்பது ஆண்டுப் பணி, இதுவரை எவரிடமும் கைநீட்டாத பெருமை என அனைத்தும் அதில் இருந்தன; அனைத்தும் உண்மை. ஆனால் கேட்பு அறிவிப்பின் எண் அதில் இல்லை. எவ்வளவு தொகை, எந்தக் காலத்துக்குரியது, அதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பது இல்லை. எந்த விதியின்படி சலுகை கேட்கிறார் என்பது இல்லை. கடைசி வரியில் “தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்” என்று முடித்திருந்தாரே தவிர, எதைச் செய்ய வேண்டும் என்று எங்குமே சொல்லவில்லை. நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் இத்தகைய மனுக்களை எழுதிக்கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரசுக்குச் சேர வேண்டிய நிலுவையைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனுக்களில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. துன்பம் முழுமையாக இருக்கிறது, கோரிக்கை இருப்பதில்லை.

இதில் எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தனியாரிடம் பட்ட கடனைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது பேரம்; இரு தரப்புக்கும் ஆதாயம் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம். அரசிடம் பட்ட கடன் அப்படிப்பட்டதன்று. மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு அந்தப் பணம் சொந்தமில்லை. மனம் இரங்கினாலும் தம் இரக்கத்தைக் காரணம் காட்டி ஒரு காசைக்கூட அவர் விட்டுக்கொடுக்க இயலாது. சட்டம் எந்த நிலையில், எந்த அளவுக்கு, எந்தப் பதவியில் இருப்பவருக்கு விட்டுக்கொடுக்கும் அதிகாரத்தை அளித்திருக்கிறதோ, அந்த எல்லைக்குள் மட்டுமே அவர் நகர முடியும். அப்படி நகர்ந்த பிறகும், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைப் பிரிக்கும் தணிக்கையாளர் “எதன் அடிப்படையில் இத்தொகை கைவிடப்பட்டது?” என்று கேட்டால், கோப்பிலேயே அதற்கு விடை இருந்தாக வேண்டும். விடை இல்லையென்றால் தணிக்கைத் தடை வரும். சில இடங்களில் அந்தத் தொகை ஆணையிட்ட அதிகாரியின் தலையிலேயே விழும். ஆகவே, நம் மனுவை முதலில் படிப்பவர் அதிகாரியாக இருந்தாலும், அந்த மனு நிறைவு செய்ய வேண்டியது இன்னும் பிறந்திராத ஒரு தணிக்கைக் கேள்வியை. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் மனு எழுதும் முறையே மாறிவிட்டது. அதிகாரியின் மனத்தைக் கரைப்பதைவிட, அவர் தம் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளக்கூடிய வாக்கியங்களை அவருக்குக் கொடுப்பதே மனுவின் வேலை என்று நினைக்கிறேன்.

தமிழில் இதற்கு மிகப் பழைய முன்னோடி ஒருவர் இருக்கிறார். புறநானூற்றின் 35ஆம் பாடல், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிப் ‘பழஞ்செய்க்கடன் வீடுகொண்டது’ என்று பாடலோடு வரும் பழைய குறிப்பான கொளு சொல்கிறது. செய் என்பது விளைநிலம்; பழஞ்செய்க்கடன் என்பது அந்த நிலத்துக்காகச் செலுத்தாமல் நின்றுபோன பழைய வரி; வீடுகொள்வது அதிலிருந்து விடுதலை பெறுவது. ஆக, அந்தப் பாடல் வரி நிலுவைத் தள்ளுபடிக்கான மனு. அதில் புலவர் தம் வறுமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் படித்து வியந்திருக்கிறேன். முறை கேட்டு வருபவர்களுக்கு அரசன் எளிதில் காட்சி தர வேண்டும் என்கிறார். உன் வெண்கொற்றக்குடை வெயிலை மறைக்கப் பிடித்தது அன்று, குடிகளுக்கு நிழல் தரப் பிடித்தது என்கிறார். போரில் நீ பெறும் வெற்றியும் ஏர் நிலத்தில் ஊன்றிய உழவுச்சாலின் பயன்தான் என்கிறார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்று நினைவூட்டுகிறார். கேட்பவர் யாசிக்கவில்லை. கடனைக் கைவிடுவது ஆட்சியின் நோக்கத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று வாதிடுகிறார். இன்றைய சட்டங்களில் ‘நியாயத்துக்கு மாறான வசூல்’ என்று எழுதப்பட்டிருப்பதன் கருவை அங்கேயே பார்க்கிறேன்.

தள்ளுபடி என்ற ஒரே சொல்லால் நாம் பல காரியங்களைக் குறித்துவிடுகிறோம். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் வரி நடைமுறைச் சட்டம் இவற்றைத் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதால் அதை எடுத்துக்காட்டாகச் சொல்வது எனக்கு வழக்கம். அதன் 222ஆம் பிரிவு கெடுவைத் தள்ளிவைப்பது: கடன் அப்படியே நிற்கிறது, செலுத்தும் நாள் மட்டும் பின்னுக்குப் போகிறது. 261ஆம் பிரிவு வசூலைக் கைவிடுவது: இப்போது முயன்றாலும் கிடைக்காது, அல்லது வசூல் செலவே கடனைவிட அதிகம் என்று அலுவலகம் தன் கணக்குக்குள் எடுக்கும் முடிவு அது, கடன் சாகவில்லை, காலவரம்புக்குள் கடனாளியின் கையில் பணம் வந்தால் மறுபடியும் கேட்கலாம். 227ஆம் பிரிவுதான் உண்மையான தள்ளுபடி: அந்தக் குறிப்பிட்ட நேர்வில் வசூலிப்பது நியாயத்துக்கு மாறானது என்று முடிவானால் கடன், முழுவதுமாகவோ பகுதியாகவோ, இல்லாமலே போகிறது. நாடுகள்தோறும் பெயர்கள் மாறலாம். இந்த மூன்று நிலைகளும் ஏதோ ஒரு வடிவத்தில் பெரும்பாலும் இருக்கின்றன. “உங்கள் கணக்கில் இப்போது நடவடிக்கை இல்லை” என்று ஒரு கடிதம் வந்ததும் கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணி நிம்மதி அடைந்தவர்கள், சில ஆண்டுகள் கழித்து வட்டியோடு அதே தொகை திரும்பி வருவதைக் கண்டு உடைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்திருந்தது இரண்டாவது வகை. அவர்கள் புரிந்துகொண்டது மூன்றாவது வகை.

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கடன் உண்மையிலேயே இருக்கிறதா? அறிவிப்பு அரசிடமிருந்து வந்தது என்பதற்காகவே கணக்கு சரியாக இருக்கும் என்று நம்பிவிடுவது பெரும்பாலோரின் இயல்பு. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் முழு அளவில் நடந்த ரோபோடெட் திட்டத்தில், ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரு வாரத் தவணைகளாகச் சமமாகப் பங்கிட்டு, அந்தச் சராசரியை வைத்து அவர் கூடுதலாக உதவித்தொகை பெற்றதாகக் கடன் கணக்கிடப்பட்டது. ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்து உதவித்தொகை வாங்கிவிட்டு, அடுத்த ஆறு மாதம் வேலை செய்தவருக்கு, வேலையில்லாத மாதங்களிலும் வருமானம் இருந்ததாகக் காட்டியது அந்தக் கணக்கு. சராசரியை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட கடன் சட்டப்படி செல்லாது என்பது 2019இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் உறுதியானது. 2023 ஜூலையில் வெளிவந்த அரச ஆணையத்தின் அறிக்கை, அந்த முறையில் நியாயமும் இல்லை, சட்டபூர்வத் தன்மையும் இல்லை என்றது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோர்கள் ஆயிரக்கணக்கில் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டு, சிறு குறைபாடுகளுக்காகக்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வைக்கப்பட்டார்கள். அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவையே பதவி விலகியது. அந்தப் பெற்றோர்களுக்குத் தேவைப்பட்டது தள்ளுபடி இல்லை. கடனே தவறு என்ற தீர்ப்பு.

கடன் தவறென்றால் மேல்முறையீடு அல்லது மறு ஆய்வு. கடன் சரி, ஆனால் வசூலிக்கக் கூடாது என்றால் தள்ளுபடி மனு. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதும்போது ஒன்றை மற்றொன்று வெட்டிவிடுகிறது. “நான் கடன்படவில்லை, ஆனால் கட்ட வசதி இல்லை” என்ற வாக்கியத்தைப் படிப்பவர் இரண்டாம் பாதியை ஒப்புதலாக எடுத்துக்கொள்வார். இரண்டு வாதங்களும் உண்மையாகவே இருந்தால் இரண்டு தனி மனுக்கள் போட வேண்டும். தள்ளுபடி மனுவில், மேல்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றி இது அளிக்கப்படுகிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கெடுவும் வேறு வேறு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் தொகையை மறுப்பதற்கு 60 நாள் வரம்பு உண்டு. திருப்பிக் கேட்காமல் விட்டுவிடுங்கள் என்று கோருவதற்குக் காலவரம்பே இல்லை. துணிகளுக்கு அடியில் உறை கிடந்த பத்தொன்பது நாட்களை நான் எண்ணிப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். அந்த அம்மாவின் கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தோம். துரதிருஷ்டவசமாக அது சரியாக இருந்தது.

அப்படியானால் எந்த அடிப்படையில் கேட்பது? எனக்குத் தெரிந்த சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊற்றுகள் தென்படுகின்றன. ஒன்று, இந்தத் தொகையைக் கட்டினால் இவரால் வாழ முடியாது என்ற இயலாமை. மற்றொன்று, இவர் கட்டக்கூடியவராகவே இருந்தாலும் இவரிடம் வசூலிப்பது முறையன்று என்ற நியாயம். அமெரிக்காவின் அதே நிர்வாகம், தவறு பெற்றவருடையதாக இருக்கக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைத்து, அதன்பின் இவ்விரண்டில் ஒன்றைக் காட்டினால் போதும் என்கிறது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 220ஆம் பிரிவின் 2ஏ உட்பிரிவில், தாமதமாகச் செலுத்தப்படும் வரிக்கான வட்டியைக் குறைக்கவோ நீக்கவோ மூன்று நிபந்தனைகள் வகுத்தது: செலுத்துவது உண்மையான இன்னலை உண்டாக்க வேண்டும், தவறியது தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையால் இருக்க வேண்டும், விசாரணைக்கும் வசூலுக்கும் ஒத்துழைத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை மறந்து, இன்னலை மட்டும் பத்துப் பத்தி எழுதுவதால் பயனில்லை. ஒத்துழைத்ததற்கு ஒரு கடித நகல் இணைத்தால் அது அந்தப் பத்திகளைவிட அதிகம் பேசும்.

நியாயத்தின் ஊற்றுக்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, பஞ்சாப் மாநில அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் அளித்த தீர்ப்பு. அரசு தன் பிழையால் ஊழியருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட தொகையை எப்போதெல்லாம் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அது வரையறுத்தது. கீழ்நிலைப் பணியாளர்களிடம் கூடாது; ஓய்வுபெற்றவர்களிடமும் ஓர் ஆண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்களிடமும் கூடாது; ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு அதன்பின் கேட்கக் கூடாது; வேறு எந்த நேர்விலும், வசூலிக்கும் உரிமையை விஞ்சும் அளவுக்கு அது கொடியதாகவோ தன்னிச்சையானதாகவோ இருந்தால் கூடாது. ஆனால், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்கூட்டியே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு இது பொருந்தாது என்று 2016இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது. அதனால்தான், எவர் வந்தாலும் நான் முதலில் கேட்பது பழைய தாள்களில் அப்படி ஓர் உறுதிமொழி இருக்கிறதா என்பதை.

அந்த அம்மாவிடம் இரண்டு ஊற்றுகளும் இருந்தன. தவறு அலுவலகத்துடையது, விகிதம் மாற வேண்டிய தேதி அலுவலகத்தின் ஆணையிலேயே அச்சாகியிருந்தது, அந்த ஆணையின் நகல் அவருக்கு அனுப்பப்பட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. நான்கு பக்கங்களை எடுத்து வைத்துவிட்டு இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு பக்க மனுவின் நடுவில் இந்த வாக்கியத்தை வைத்தோம்: “விகிதம் மாற்றப்படாமைக்கு மனுதாரரின் செயலோ மறைப்போ காரணமன்று என்பது இணைப்பு 3இல் உள்ள அலுவலக ஆணையிலிருந்தே விளங்கும்.” எழுதி முடித்ததும் அவர் அதைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, “இதுல என் கஷ்டமே இல்லையே” என்றார். அவருடைய கஷ்டம் அடுத்த தாளில் இருந்தது.

அடுத்த தாள் வரவு செலவுப் பட்டியல். என் அனுபவத்தில், மனு நிற்பதும் விழுவதும் இந்த ஒரு தாளில்தான். மாத வருமானம் ஒரு பக்கம், மாதச் செலவு மறுபக்கம், இடையே மிஞ்சுவது எவ்வளவு என்பது கீழே. எளிதாகத் தோன்றும். உட்கார்ந்து எழுதும்போதுதான், மக்கள் தம் செலவைத் தாமே குறைத்துச் சொல்லும் பழக்கம் உடையவர்கள் என்பது தெரிகிறது. அந்த அம்மா மருந்துக்கு ஒரு தொகை சொன்னார். மருந்துக்கடை ரசீதுகளை அடுக்கிக் கூட்டினால் அதைப் போல் ஒன்றரை மடங்கு வந்தது. மாதந்தோறும் வராத செலவுகளை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை: ஆண்டுக்கொருமுறை கட்டும் காப்பீடு, சொத்து வரி, கண் பரிசோதனை, கூரை ஒழுகினால் செய்யும் பழுதுபார்ப்பு. இவற்றையெல்லாம் ஆண்டு முழுமைக்கும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து ஒரு வரியாகச் சேர்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பு எண். கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தில் அந்தச் செலவுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு குறி. படிப்பவர் தாளையும் கணக்கையும் மாற்றி மாற்றிப் புரட்டும்போது, கண் தடுமாறாமல் போய் நிற்க வேண்டும்.

அவரிடம் ஒரு சிறு வைப்புத்தொகை இருந்தது. “இதைக் காட்டணுமா?” என்று தயங்கிக் கேட்டார். காட்டத்தான் வேண்டும். மறைத்த ஒன்று வெளிப்பட்டால், மனுவில் உள்ள மற்ற எல்லா உண்மைகளும் அந்த ஒன்றோடு சேர்ந்து செல்லாமல் போகும்; தவறில்லாதவர் என்ற நிலையும் அன்றோடு போய்விடும். எதற்காக அந்தப் பணம் வைக்கப்பட்டிருக்கிறது, அதைக் கரைத்தால் அடுத்த அறுவை சிகிச்சைக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவரின் கடிதத்தோடு இரண்டு வரியில் சொன்னோம். ஆஸ்திரேலிய வரி அலுவலகம் தனிநபர்களின் வரிக்கடனைக் கடும் இன்னல் காரணமாக விடுவிக்கும்போது, கடனைக் கட்டினால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றைத் தமக்கும் தம்மைச் சார்ந்தவர்களுக்கும் தர முடியாமல் போகுமா என்று பார்க்கிறது. இந்த ஐந்து சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் எழுதினால், எது இன்னல், எது வெறும் அசௌகரியம் என்று நமக்கே தெளிவாகிவிடுகிறது.

கோரிக்கையையும் படிப்படியாகக் கேட்க வேண்டும். முழுத் தொகையையும் தள்ளுபடி செய்க; அது இயலாதெனில் வட்டி முழுவதையும் நீக்கி அசலில் இத்தனை பங்கைக் குறைத்தருள்க; அதுவும் இயலாதெனில், மாதம் இவ்வளவு என்ற தவணையில், மேற்கொண்டு வட்டியின்றிச் செலுத்த அனுமதிக்க என்று மாற்றுக் கோரிக்கைகளை வரிசையாக வைக்க வேண்டும். மாற்று வழி கேட்டால் முதல் கோரிக்கை வலுவிழந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் கண்டது அதற்கு நேர்மாறானது. ஒரே ஒரு கோரிக்கை இருக்கும் கோப்பில் அதிகாரிக்கு இரண்டே வழிகள்தாம். இரண்டில் எளியது மறுப்பது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய அந்த அலுவலகத்துக்கு அதிகாரமே இல்லை என்பது. பிரான்சில் நேர்முக வரிகளை, கட்ட இயலாத நெருக்கடியில் இருப்பவருக்காகக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது; மதிப்புக்கூட்டு வரியின் அசலை அந்த வழியில் குறைக்க இடமில்லை, ஏனென்றால் அது விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்காக வைத்திருக்கும் பணம். அபராதமும் வட்டியும் ஓரளவு எளிதில் இளகும், அசல் எளிதில் இளகாது என்பது பொதுவாக எங்கும் காணக்கூடியது.

மனு கொடுத்துவிட்டால் வசூல் தானாக நின்றுவிடும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் கேட்டுக் கவலைப்பட்ட தவறு. பெரும்பாலும் நிற்பதில்லை, நிறுத்தி வைக்கும்படி தனியே கேட்க வேண்டும். வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். பதில் வராமல் இருப்பதற்கும் பொருள் உண்டு, அந்தப் பொருள் இடத்துக்கு இடம் மாறும். பிரான்சில் இத்தகைய மனுவுக்கு இரண்டு மாதம் மறுமொழி வராவிட்டால் பொதுவாக அது மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அமெரிக்க வருவாய்த் துறையிடம் கடனைக் குறைத்துத் தீர்க்க அளிக்கப்படும் முன்மொழிவுக்கு இரண்டு ஆண்டுகள் முடிவு சொல்லாமல் இருந்தால் அது ஏற்கப்பட்டதாகிறது. ஆனால் அது நிலுவையில் இருக்கும் நாட்கள், கடனை வசூலிப்பதற்கான பத்தாண்டு வரம்பில் கணக்கிடப்படுவதில்லை. மேலே சொன்ன இந்திய வட்டிச் சலுகை மனுவில், மனு பெற்ற மாத இறுதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஆணையிட வேண்டும், மனுதாரரைக் கேட்காமல் நிராகரிக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். ஆகவே மனுவைக் கொடுத்த தேதிக்குச் சான்று இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்ட நகல் கையில் இல்லாமல் அலுவலகப் படிக்கட்டில் இறங்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

முழுக் கடனையும் ஒழித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: கட்ட இயலாது என்று மனுப்போடும் ஒருவரிடம் அதற்காகவே பணம் பறிப்பதைவிடக் கொடியது குறைவு. பெரும்பாலான படிவங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இது அநீதி இல்லையா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி, நெடுநாள் யோசித்திருக்கிறேன். ரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 118இல், அரசுக் கருவூலத்துக்கு வர வேண்டிய 90 கோடி செஸ்டெர்ஸ் நாணய நிலுவையைக் கைவிட்டு, கடன் பத்திரங்களை டிராஜன் மன்றம் என்ற பொதுச் சதுக்கத்தில் எரித்தான். அப்படி ஒரே தீயில் எல்லோருடையதையும் எரிக்கும்போது, கட்ட முடிந்தும் கட்டாதவரும் கட்ட முடியாதவரும் ஒன்றாகவே விடுவிக்கப்படுகிறார்கள். ஒழுங்காகக் கட்டியவர் அங்கே ஏமாந்தவராக உணர்வதில் நியாயம் இருக்கிறது. தனிமனு அப்படியன்று. ஒருவர் தம் வரவு செலவு முழுவதையும் அந்நியர் ஒருவர் முன் விரித்து வைத்து, ஆதாரம் கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சட்டம் சொல்லும் நிபந்தனைகளுக்குள் தாம் வருவதை நிறுவுகிறார். அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கட்டுபவர்களின் சார்பில்தான் இயற்றியிருக்கிறார்கள். நாளை அவர்களுக்கும் ஒரு நோயோ ஒரு வேலையிழப்போ நேரலாம். பொதுத் தள்ளுபடிகளை அடிக்கடி அறிவித்துவிட்டுத் தனிமனுக்களை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடும் நிர்வாகத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம், ஒருவரின் குடியிருப்பு வரியைச் சுழியம் வரைகூடக் குறைக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றத்துக்குத் தந்திருக்கிறது. அப்படியொரு விதி இருப்பதே தெரியாமல் கடன் வாங்கிக் கட்டுபவர்களை நினைத்தால்தான் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த அம்மாவின் மனு ஏழு மாதம் கிடந்தது. இடையில் இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் கொடுத்தோம். ஒருமுறை நேரில் அழைத்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. அவர் மட்டும் கோப்போடு போய், அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, “செலவுத் தாளை மட்டும் தான் பார்த்தார், எல்லாத்துக்கும் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்” என்றார். பிறகு ஆணை வந்தது. இம்முறை உறையைத் துணிகளுக்கு அடியில் வைக்கவில்லை. பிரிக்காமலே எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். வட்டி முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. அசலில், ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய பகுதி கைவிடப்பட்டிருந்தது. எஞ்சியதை அறுபது தவணைகளில் ஓய்வூதியத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். மாதப் பிடித்தம், பட்டியலின் கீழ் மிஞ்சுவதாக நாங்கள் காட்டியிருந்த தொகைக்குள் அடங்கியிருந்தது.

முழுவதும் கிடைக்கவில்லையே என்று நான் சற்று வருந்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆணையின் மூன்றாம் பத்தியில் விரலை வைத்து, என் பக்கம் தாளைத் திருப்பினார். ‘விகிதம் மாற்றப்படாமைக்கு மனுதாரரின் செயலோ மறைப்போ காரணமன்று என்பது அலுவலக ஆணையிலிருந்தே விளங்குகிறது’ என்று அங்கே அச்சாகியிருந்தது. “இது நாம எழுதினதுதானே தம்பி” என்று கேட்டுவிட்டு, தாளை மடிக்காமல் கோப்பின் மேலாக வைத்துக் கட்டினார்.